மாரீஸ்வரியின் இடது குதிகால்

போன மாதம் எங்கள் உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. பதினோரு விநாடிதான். சாத்தூர்ப் பக்கம் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவருடைய மாணவி சங்கிலிக் குண்டு எறிகிறாள். அதை மெதுவாக ஓடவிட்டு, அவளது முழங்கையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டு, "தவறு எங்கே ஐயா?" என்று கேட்டிருந்தார். இருபத்திரண்டு பேர் பதில் எழுதியிருந்தார்கள். சிலர் தோள் என்றார்கள், சிலர் இடுப்பு என்றார்கள். ஒருவர் தினமும் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னார்.

எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று, கூண்டு வலையில் ஆறு ஓட்டைகள் தெரிந்தன; அதில் ஒன்றின் வழியாகக் குண்டே வெளியே வந்துவிடும். அதற்கு நேர் எதிரே யாரோ தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார். இரண்டாவது, அந்தப் பெண்ணின் கால்கள் காணொளியில் இல்லை. முழங்காலுக்குக் கீழே படம் வெட்டுப்பட்டிருந்தது. காலைப் பார்க்காமல் கைக்கு வைத்தியம் சொல்ல எனக்குத் தெரியாது. முதலில் பாட்டில்காரரை நகரச் சொல்லுங்கள், பிறகு காலைப் படம்பிடித்து அனுப்புங்கள் என்று எழுதினேன். "ஏன் சார் கால்?" என்று அவர் கேட்டார். கைப்பேசியில் பதில் எழுத ஆரம்பித்து, விரல் வலித்து, இந்தத் தாளுக்கு வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓர் இரும்புக் குண்டு. பெண்களுக்கு நான்கு கிலோ. அதில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கைப்பிடி. ஏழடி அகலமுள்ள சிமெண்ட் வட்டத்துக்குள் நின்று, குண்டைத் தலைக்கு மேல் இரண்டு முறை வீசிச் சுழற்றிவிட்டு, பிறகு எறிபவரே மூன்று சுற்றோ நான்கு சுற்றோ சுழன்று, கையை விட வேண்டும். சுற்றிலும் வலைக்கூண்டு, முன்பக்கம் மட்டும் திறப்பு. பார்ப்பவர்கள் கையின் பலம் என்று நினைப்பார்கள். கை வெறும் கயிறு. சுழற்சியைப் பிறப்பிப்பது கால். வலக்கைக்காரருக்கு இடது கால் தரையை விட்டு எழும்பவே கூடாது. குதிகாலில் திரும்பி, பாதத்தின் வெளி ஓரத்தில் உருண்டு, முன்பாதத்தில் முடிய வேண்டும். வலது கால் மட்டும் தாழ்வாக எழுந்து, இடது கணுக்காலை ஒட்டி வந்து, சட்டென்று ஊன்ற வேண்டும். இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரத்தில்தான் குண்டுக்கு வேகம் ஏறும். கால் அந்தரத்தில் நின்றால் குண்டு நம்மை இழுக்கும். நாம் அதை இழுக்க முடியாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மதுரையில் எங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். கோச் சார் என்போம். அவரிடம் நான் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பெரிய எறிவீரனாக வரவில்லை என்பதைத் தவிர அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

காலையில் எங்களுக்கு முன்பே வந்து, ஈர்க்கு விளக்குமாற்றால் வட்டத்தை அவரே பெருக்குவார். மாணவர்கள் கேட்டாலும் தரமாட்டார். ஒரு மணல் கிடந்தால்கூடக் குதிகால் சறுக்கும் என்பார். பிறகு கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முழுநீளமும் உருவிப் பார்ப்பார். எங்காவது நெளிவு இருந்தால் அன்றைக்கு அந்தக் குண்டு கிடையாது. கைப்பிடியை ஆட்டுவார். குண்டைத் தொங்கவிட்டு அது தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்ப்பார். களத்தில் யாரும் இல்லையென்று கண்ணால் எண்ணி, விசில் ஊதுவார். அதன் பிறகு அவர் செய்வதுதான் புதியவர்களுக்கு விளங்காது. ஓர் இரும்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

குண்டு எங்கே போய் விழுந்தது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் எறிந்து முடித்துத் தூரத்தைச் சொல்ல வாயெடுத்தால், "அத டேப்பு சொல்லும். நீ மூணாவது சுத்துல ஏன் குதிச்ச?" என்பார். சரியான சுற்றுக்கு ஒரு சத்தம் உண்டு. இடது குதிகால் சிமெண்டில் அரைபடும் 'சர்ர்', உடனே வலது கால் ஊன்றும் 'தட்'. சர்ர்-தட், சர்ர்-தட், சர்ர்-தட். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சீக்கிரம். அந்தச் சத்தம் சரியாக வந்தால் அவர் வாளியை விட்டு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் டீக்குடிக்கப் போய்விடுவார். அவரிடம் நாங்கள் வாங்கிய பாராட்டு அவ்வளவுதான். இரண்டு ஆண்டில் எனக்காக நான்கு முறை டீக்குடிக்கப் போயிருக்கிறார்.

நான் ஆசிரியரான பிறகு நானும் ஒரு வாளி வாங்கிக்கொண்டேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஒரு பள்ளியில் கழிந்தது. விடுமுறையில் பயிற்சி முகாம்களுக்குப் போகும்போது குண்டைப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோவேன். ஒரு நடத்துநர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இம்புட்டுக் கனம்?" என்று கேட்டார். குண்டு என்றேன். "வெடிச் சாமானெல்லாம் பஸ்ல ஏத்தக்கூடாதுன்னு தெரியாதா? வாத்தியாரா இருந்துக்கிட்டு நீங்களே இப்பிடிச் செய்றீகளே!" பையைப் பிரித்துக் காட்டிய பிறகும் அவர் நம்பாமல், அதை என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மாரீஸ்வரி அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அச்சங்குளம் பக்கத்துப் பெண். அகலமான தோள், கட்டையான விரல்கள், யாருக்கும் அடங்காத வாய். பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்து மூன்று மீட்டர் எறிந்தாள். சுற்று அழகாக இருக்கும். பள்ளி முடிந்ததும் எல்லாரையும்போல அவளும் பட்டாசு ஆலைக்கு வேனில் ஏறினாள். அவளுடைய அம்மா பல வருஷமாக வேலை பார்த்துவரும் அதே ஆலை. மருந்து அறையில், குழாய்களில் வெடிமருந்து நிரப்பும் வேலை. அதோடு விட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து, என் ஓய்வுக்கு ஓராண்டு மிச்சமிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து நின்றாள்.

"சார், மாநிலப் போட்டியில மொத மூணு எடத்துக்குள்ள வந்தா, வெளையாட்டு ஒதுக்கீட்டுல கவர்மெண்டு வேலைக்கு எழுதிப் போடலாமாமே. நெசமா?"

நிஜம்தான் என்றேன்.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க. வேன் சாயங்காலம் நாலரைக்கு எறக்கி விட்டுரும். அஞ்சு மணிக்கு இங்கன இருப்பேன்."

"கை பழகியிருக்காதே, மூணு வருஷமாச்சே?"

"கையி கெடக்கட்டும் சார். வயசு இருபத்தொண்ணு. இன்னும் முப்பது வருசம் அந்த ரூம்ல உக்காரணும்னா, எங்க அம்மா மாதிரி அம்புட்டுப் பொறுமை எனக்குக் கெடையாது."

அன்றே எறியச் சொன்னேன். பள்ளியில் இருந்ததைவிட உடம்பில் பலம் கூடியிருந்தது; அவள் குண்டைத் தூக்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் குண்டு முப்பத்தெட்டில் விழுந்தது. மறுபடி எறிந்தாள், முப்பத்தேழரை. மூன்றாவது, வலையில் மோதியது. எனக்கு ஆச்சரியம். பலம் கூடி, தூரம் குறைவதென்றால் என்ன கணக்கு?

வாளியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தட்-தட், தட்-தட், தட்-தட். சர்ர் என்ற சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் இடது காலையும் தூக்கி, சிறிய துள்ளலாகத் திருப்பி, தட்டையாக வைத்தாள். வலது கால் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. வரப்பில் நடக்கும் கொக்கு மாதிரி. மூன்று சுற்றிலும் இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருந்த நேரம் மிகக் குறைவு. அவளுக்குப் பள்ளியில் இந்தப் பழக்கம் கிடையவே கிடையாது.

"இடது காலைத் தூக்காதே, மாரி. குதிகால்ல திரும்பு."

"திரும்புறேனே சார்."

"தூக்குறே."

"தூக்கலையே!"

அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிற பெண்ணில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினேன். முறைத்துப் பார்த்தாள். "அடியே, இது என் காலா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சில வாரங்கள் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தரையில் கோடு போட்டு, குதிகால்-முன்பாதம் என்று நடக்கவைத்தேன். குண்டில்லாமல், கையில் கம்பை மட்டும் பிடித்துச் சுற்றவைத்தேன். காலணி தேயக்கூடாதென்று, என் வழக்கப்படி, இந்தப் பயிற்சிகளைப் பள்ளி வராந்தாவில் வெறுங்காலில் செய்யச் சொன்னேன். மெதுவாகச் செய்தால் கால் கேட்கும். வேகம் கூடினால் எழும்பிவிடும். கணுக்காலில் வலியோ என்று சோதித்தேன், இல்லை. பயமா என்று கேட்டேன். "குண்டுக்கா? நான் தெனம் வெடி உருட்டுறவ சார்" என்று சிரித்தாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு முறை கூண்டுக்குள் நுழையும்போதும், வாசல் பக்கத்து இரும்புத் தூணை வலது உள்ளங்கையால் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். சாமி கும்பிடுகிறாள் போலும் என்று விட்டுவிட்டேன். எறிபவர்களிடம் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். ஒருவன் எச்சில் துப்புவான், ஒருத்தி தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

மாநிலப் போட்டிக்கான தேர்வுப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய சீசன். ஆலையில் வேன் தாமதமாகத்தான் கிளம்பும். அதுவரை அவளைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாமென்று ஒருநாள் ஆலைக்குப் போனேன். வாயிலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். போர்மேன் சங்கரலிங்கம் என்பவர் வந்தார். என்னிடம் படித்தவர் இல்லை. ஆனால் வாத்தியார் என்றதும் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு சார். இருந்தாலும் கேக்குறது நீக. மதியம் சாப்பாட்டுக்குப் பொறகு நானே மொதலாளிகிட்டப் பேசுறேன். இங்கன நெழல்ல நில்லுங்க."

மருந்து அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளி, நடுவில் வேப்பமரங்களோடு இருந்தன. அறைகளுக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது. கொஞ்சம் தூரத்தில் ஒரு காலி அறையின் சிமெண்ட் படியோரம் நின்றேன். சாப்பாடு முடிந்து பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்தேன். முதல் பெண் வாசலுக்கு வந்தாள். சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. அதை உள்ளங்கையால் தொட்டாள். பிறகு காலை உயரத் தூக்கி, உள்ளே தட்டையாக வைத்தாள். அடுத்தவளும் தொட்டாள், தூக்கி வைத்தாள். மூன்றாவது ஆள் மாரீஸ்வரி.

எனக்குள் ஏதோ விளங்கவும் செய்தது, விளங்காமலும் நின்றது. அந்த யோசனையில், உள்ளங்காலில் ஒட்டியிருந்த மணல் உறுத்தியதால், எல்லா மனிதர்களையும்போலக் காலைப் படியில் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

"சார்!"

சங்கரலிங்கம் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நான் விழாமல் இருந்தது அதிசயம்.

"காலத் தேய்க்காதீக சார்! காலி ரூமா இருந்தாலும் இங்க எதையும் தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. கீழ மருந்து சிந்தியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மண்ணோட சேந்து ஒரு உரசு உரசுனா போதும்." அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு வாத்தியாரை இழுத்துவிட்டோமே என்று சங்கடப்பட்டு, "வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்கு மொத நாளே சொல்றது அதான் சார். தகட்டத் தொடு, காலத் தூக்கி வை. தகட்டத் தொட்டா ஒடம்புல சேந்த கரண்டு எறங்கிரும். அப்புறம் கால் தானா தூக்கும்" என்றார்.

அப்புறம் கால் தானாகத் தூக்கும். நான் இரண்டு மாதம் தேடியது அந்த நான்கு சொற்களில் இருந்தது.

கூண்டுக்கு ஒரு வாசல், வாசலில் ஓர் இரும்பு, உள்ளே சிமெண்ட் தரை, சுற்றிலும் அடைப்பு, வெறுங்கால் பயிற்சி. மைதானத்தில் அவளுக்கென்று நான் இன்னொரு மருந்து அறையைக் கட்டி வைத்திருந்தேன். அவள் தூணைத் தொட்டாள். கால் தன் வேலையைச் செய்தது.

அவளைச் சீக்கிரம் அனுப்ப முதலாளியும் ஒத்துக்கொண்டார். அன்று மாலை, கண்டுபிடித்ததைச் சந்தோஷமாக அவளிடம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். "தூணத் தொடுறேனா? நானா?" மறுபடி கூண்டுக்குள் போய் வரச் சொன்னேன். போனாள். தொட்டாள். தொட்ட கையைப் பார்த்துக்கொண்டே அப்படியே நின்றாள்.

பிடித்துவிட்டோம், இனி அந்தப் பழக்கத்தை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஒழித்தால்? குதிகாலைத் தரையில் அரைக்கக் காலுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன். மறுநாள் காலை அதே கால் மருந்து அறைக்குள் போகிறது. அங்கே ஏதோ ஒரு பொருளை எடுக்கத் திரும்பும்போது, மறந்து, குதிகாலில் திரும்பினால்?

நான் சொல்லாமலேயே, மகள் பேச்சிலிருந்து, அவளுடைய அம்மாவுக்கு அது தெரிந்துபோயிற்று. மறுநாள் வேனிலிருந்து மகளோடு அந்த அம்மாளும் மைதானத்துக்கு வந்துவிட்டார்.

"சார், கோவிச்சுக்கிறாதீக. ஓட்டம் சொல்லிக் குடுங்க, தாவச் சொல்லிக் குடுங்க. அவ காலை மட்டும் கெடுத்துராதீக. அந்தக் காலுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அதான் அவளை இம்புட்டு நாளு காப்பாத்துது."

நான் மாரீஸ்வரியிடம் சொன்னேன்: ஒன்று, ஆலையை விடு, இல்லை, குண்டை விடு. இரண்டையும் சேர்த்துச் செய்ய நான் உடன்பட மாட்டேன்.

"ஆலைய விட்டா நாளைக்கு வீட்டுல ஒலை கொதிக்காது. குண்ட விட்டா சாகுற வரைக்கும் அந்த ரூமு. நல்லாச் சொல்றீக ரெண்டு பேரும்!" அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன் நடக்குறத மறந்துர்றானா? ரூம்ல செருப்புக் கெடையாது. இங்க ஷூ இருக்கு. ஷூ போட்டா ஒரு காலு, கழட்டுனா ஒரு காலு. அம்புட்டுத்தான சார்?"

அம்புட்டுத்தானா என்று எனக்குத் தெரியாது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் யோசித்துப் பார்க்க அதில் ஒன்று இருந்தது. பழக்கத்தை அழிக்கத் தேவையில்லை. அது எப்போது விழிக்க வேண்டும் என்பதை மட்டும் பிரித்துவைக்க முடியுமா? அம்மாவிடம் ஒரு மாதம் கேட்டேன். அவர் தரவில்லை, மறுக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க மக மாதிரின்னு நெனைச்சுச் செய்ங்க" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு மகள் இருக்கிறாள்.

அந்த மாதம் நான் வைத்த விதிகள் கடுமையானவை. வெறுங்காலில் ஒரு சுற்றுகூடக் கிடையாது, விளையாட்டுக்குக்கூட, வீட்டில்கூட. காலணியைக் கூண்டு வாசலில்தான் மாட்ட வேண்டும்; எறிந்து முடித்ததும் அங்கேயே கழற்ற வேண்டும். கழற்றிய பின் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை, காலைத் தூக்கித் தூக்கி வைத்து. தூணைத் தொடுவதுதான் கடைசிவரை போகவில்லை. சொல்லிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், கை போய்விடும். கடைசியில் குண்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நுழையச் சொன்னேன். நான்கு கிலோவை ஏந்திய கை எதைத் தொடும்?

"கைப்பிள்ளைய ஊசி போடக் கொண்டுபோற மாதிரி இருக்கு சார்" என்றாள்.

"பேசாம போ."

நான் வாளியில் உட்கார்ந்து முதுகைக் காட்டுவேன். "பொண்டாட்டிகிட்டக் கோவிச்சுக்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீக" என்பாள். முதலில் ஒரே ஒரு சுற்று. அது படிந்த பிறகு இரண்டு. குண்டை விடவே கூடாது. சுற்றி நிறுத்த வேண்டும். தூரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பயிற்சி முடிந்து பேருந்து நிறுத்தம்வரை அவளோடு நடந்துபோய், ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பேன்: "ரூம்ல கால் எப்படி இருக்கு?"

"தூக்கி வச்சுத்தான் நடக்குறேன் சார்."

"நிச்சயமா?"

"அம்மா பக்கத்துலயே கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கு. போதுமா?"

ஒரு புதன்கிழமை மாலை. மழை வருகிற மாதிரி இருந்தது. நான் கம்பியை உருவிப் பார்த்துக் கொடுத்தேன். குண்டை அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். விசில் ஊதிவிட்டு, முதுகைத் திருப்பிக் கண்ணை மூடினேன். வீச்சு ஒன்று, இரண்டு. பிறகு சர்ர்-தட். சர்ர்-தட். மூன்றாவது, அம்மியில் யாரோ ஒரே இழுப்பில் அரைத்த மாதிரி, சர்ர்ர்-தட். குண்டு விழுந்த சத்தம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அந்த நேரத்தை வைத்தே எனக்குத் தூரம் தெரிந்துவிட்டது.

"சார், திரும்பிப் பாருங்க சார்! ஏ சார்!"

எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

தேர்வுப் போட்டியில் எளிதாகத் தேறினாள். மாநிலப் போட்டி வேறொரு ஊரில். அங்கே கூண்டு புதியது, சிமெண்ட் வழவழப்பு. முதல் எறி வலையில் விழுந்தது. இரண்டாவதில் கால் வட்டத்துக்கு வெளியே போயிற்று. மூன்றாவதும் போனால் வெளியேற வேண்டியதுதான். அவள் குண்டை அணைத்துக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எறிந்தாள். நாற்பத்தாறு மீட்டரும் சில்லறையும். மூன்றாவது இடம். நான்காவது வந்தவளுக்கும் அவளுக்கும் ஒரு சாண் வித்தியாசம்.

அதன் பிறகு விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, காத்திருப்பு. எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: தூரத்தில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டால், பேச்சை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்ப்போம். நான் திசை பார்ப்பதோடு நிற்பதில்லை. சங்கரலிங்கத்துக்குப் போன் போடுவேன். "இங்க ஒண்ணுமில்ல சார். அது கல் குவாரி." "இங்க ஒண்ணுமில்ல சார். கல்யாண வீட்டு வேட்டு." ஒருமுறை அது உண்மையிலேயே வேறொரு பக்கம் நடந்த விபத்து. அன்று அவர் போனை எடுக்கவில்லை. எடுக்கும்வரை நான் உட்காரவில்லை. அவளுடைய கால் நான் கற்றுக்கொடுத்ததை மருந்து அறையில் நினைத்துக்கொள்ளுமா என்பதைத் தவிர வேறொன்றும் அந்த மாதங்களில் எனக்கு ஓடவில்லை.

பணி ஆணை வந்த மறுநாள் அவள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். தட்டில் வெற்றிலை, பழம், சாத்தூர்ச் சேவு. என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். பயிற்சிக்குச் சேர வேண்டிய ஊர், துணிமணி, விடுதி என்று எல்லாம் பேசி முடித்தோம். இனி கேட்டால் பாதகமில்லை என்று, எனக்குத் தெரிந்தே ஆகவேண்டிய ஒன்றைக் கேட்டேன்.

"இத்தனை நாள்ல, ரூம்ல ஒரு தடவையாவது கால் தேய்ஞ்சுதா?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவ" என்றாள் மாரீஸ்வரி. "நீங்க டீக்குடிக்கப் போனீகளே, அதுக்கு மறுநா. தட்ட எடுக்கத் திரும்புனேன். குதிகால் லேசாத் தேஞ்சு திரும்பிருச்சு. கீழ ரப்பர் விரிப்பு இருந்துச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்திருச்சு. வெளிய வந்து மரத்தடியில உக்காந்துட்டேன். போர்மேன் அண்ணன்கிட்டச் சொன்னேன். அன்னைக்கே பேக்கிங்குக்கு மாத்தி விட்டுட்டாக. டப்பாவுல லேபிள் ஒட்டுறது. கூலி கொறைச்சல்தான்."

"அன்னைலருந்தா?"

"அன்னைலருந்துதான். அந்தப் பக்கமே நான் போகல."

எட்டு மாதமும் நான் போன் செய்தபோதெல்லாம் அவள் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு முன்பும், மாநிலப் போட்டிக்கு முந்தைய அத்தனை மாலைகளிலும், நான் பேருந்து நிறுத்தத்தில் கேட்டபோதெல்லாம், தூக்கி வைத்துத்தான் நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சங்கரலிங்கமும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எறிய விட்டிருப்பீகளா சார்?"

நான் யோசித்தேன். நேர்மையாக யோசித்தேன், காப்பி ஆறிப்போயிற்று.

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறதென்று எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.